ஆறு ட்யூப், ஒரு காங்கேயம் காளை

என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு காகிதப்பூக் கொடி தொங்குகிறது. நான் வரைந்த வாட்டர்கலர். அக்கா புது வீட்டுக்குக் குடிபோனபோது சட்டம் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த அன்று பூவெல்லாம் கண்ணைப் பறிக்கும் ரோஸ். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். இரண்டே வருடத்தில் பூ மட்டும் அழுக்குத் தண்ணீர் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. இலை அப்படியே இருக்கிறது, பின்னால் வரைந்த சுவர் இருக்கிறது, அந்தச் சுவரில் விழுந்த நிழல்கூட இருக்கிறது. “ஒரு வாரம் தண்ணி ஊத்த மறந்துட்டேன், அதான் பூவெல்லாம் கொட்டிருச்சு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

இதில் எனக்கு இரட்டை வெட்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் 19 வருடமாக ஷேடு மேட்சிங் பார்க்கிறவன் நான். வெளிநாட்டு பையர் அனுப்பும் இரண்டு விரல் அகலத் துணித்துண்டைப் பார்த்து, எந்தெந்தச் சாயத்தை எத்தனை சதவீதம் போட்டால் அதே நிறம் வரும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த நிறம் வெயிலை எவ்வளவு தாங்கும் என்று 1 முதல் 8 வரை மார்க் போட்டு ரிப்போர்ட்டும் கொடுக்கிறோம். ஊரார் பனியனுக்கு இத்தனை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை படம் வரைய வாங்கிய ட்யூபின் முதுகைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ரோஸ், மெஜந்தா நிறமியோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்துச் செய்தது. ஒளிரும் சாயம் வெயிலில் நிற்காது என்பது எங்கள் லேபில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும்.

அப்புறம்தான் லேப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். வண்ணம் வாங்குவது, கலப்பது, பூசுவது என்று மூன்றிலும் அது கைகொடுத்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கும், 24 வண்ணப் பெட்டி வாங்கி ‘எதைக் கலந்தாலும் சேறாகிறது’ என்று பரண்மேல் போட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கடையில் ட்யூபை எடுத்ததும் முன்பக்கத்துப் பெயரை விடுங்கள். திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பிபி 29 (PB 29), பிவி 19 (PV 19) என்பது போல இரண்டு மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். முதல் எழுத்து ‘பிக்மென்ட்’, அதாவது நிறமி. அடுத்தது குடும்பம். நீலத்துக்கு பி (B), மஞ்சளுக்கு ஒய் (Y), சிவப்புக்கு ஆர் (R), ஊதாவுக்கு வி (V), பச்சைக்கு ஜி (G), பழுப்புக்கு பிஆர் (Br). கடைசியில் உள்ள எண்தான் அந்த நிறமியின் உண்மையான அடையாளம். 1925-ல் முதலில் அச்சான ‘கலர் இண்டெக்ஸ்’ பட்டியலிலிருந்து வரும் எண்கள் இவை. நாங்கள் துணிக்குச் சாயம் வாங்குவதும் அதே பட்டியலை வைத்துத்தான். பெயரைக் கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். ‘சாப் கிரீன்’ என்று இரண்டு கம்பெனியிடம் வாங்கினால் இரண்டு வேறு பச்சை வரும். பிபி 29 என்றால் எங்கே வாங்கினாலும் அல்ட்ராமரைன்தான். தரம் கூடக்குறைய இருக்கலாம், ஆள் மாறாது.

பெயரின் வாலில் ‘ஹ்யூ’ என்று ஒட்டியிருந்தால், அந்தப் பெயருக்குரிய நிறமி உள்ளே இல்லை, அதே சாயலில் வேறு எதையோ வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் தப்பில்லை. உள்ளே இருக்கும் எண் என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில ட்யூபில் சின்னச் சதுரம் ஒன்று அச்சாகியிருக்கும். காலியாக இருந்தால் கீழே உள்ளதைக் காட்டும் வண்ணம், முழுக்கக் கறுப்பாக இருந்தால் மறைக்கும் வண்ணம், பாதி என்றால் பாதி. வெயில் தாங்குவதற்கு ரோமன் எண்ணில் ஒன்று, இரண்டு என்றோ நட்சத்திரமாகவோ போட்டிருப்பார்கள். ரோமன் எண்ணாக இருந்தால் ஒன்றும் இரண்டும் நல்லது. மூன்றோ அதற்கு மேலோ என்றால் அக்கா வீட்டுக் காகிதப்பூ.

ஒரே ஓர் எண் உள்ள ட்யூபாகப் பார்த்து வாங்குங்கள் என்பேன். லேபில் ஒரு ரெசிபிக்குச் சாதாரணமாக மூன்று சாயத்துக்கு மேல் போகமாட்டோம். நான்காவது சேர்ந்தால் ஷேடு மங்கும், அடுத்த லாட்டில் அதே ஷேடு திரும்ப வராது, யாரால் வந்த வினை என்று கண்டுபிடிக்கவும் முடியாது. வாட்டர்கலரிலும் அப்படியே. ஒரு ட்யூபுக்குள்ளேயே மூன்று நிறமி இருந்தால், அதே மாதிரி இன்னொன்றோடு கலக்கும்போது ஆறு நிறமி தட்டில் கிடக்கிறது. உங்களுக்குத் தெரிந்தது இரண்டு ட்யூப்தான். சேறு என்று எல்லோரும் புலம்புவதில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாயத்துக்கும் நிறமிக்கும் ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் பின்னால் நிறைய விஷயம் பிடிபடும். சாயம் தண்ணீரில் கரையும், நூலுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். நிறமி கரையாது, நுண்ணிய தூளாகவே தண்ணீரில் மிதக்கும். அதைக் காகிதத்தில் ஒட்டவைப்பது கோந்து. வாட்டர்கலரில் போடுவது அரபிக் கோந்து, ஆப்பிரிக்காவில் விளையும் ஒருவகை வேல மரத்தின் பிசின். சின்ன வயதில் வேலம்பிசின் எடுத்து நோட்டில் படம் ஒட்டினோமே, அதன் ஒன்றுவிட்ட சொந்தம். தூள் பருமனாக இருந்தால் காகிதத்தின் குழிகளில் போய் உட்கார்ந்து மணல் மணலாகத் தெரியும். மிக நுண்ணியதாக இருந்தால் நாருக்குள் இறங்கி, என்ன தேய்த்தாலும் வராது. ஒவ்வொரு நிறமிக்கும் இப்படி ஒரு குணம். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இந்தக் குணம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

என் தட்டில் ஆறு இருக்கின்றன. வேறு ஆறு சொல்கிறவர்களும் இருப்பார்கள். கொங்கு நாட்டு மண்ணுக்கும் வெயிலுக்கும் இந்த ஆறு எனக்குப் போதுகிறது.

முதலாவது அல்ட்ராமரைன், பிபி 29. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் கல்லை அரைத்து எடுத்தது. 1820-களில் பிரான்சில் செயற்கையாகச் செய்ய வழி கண்டுபிடித்த பிறகு விலை சரிந்தது. எவ்வளவு சரிந்தது என்றால், நம் அம்மாக்கள் வெள்ளை வேட்டிக்குப் போட்ட பழைய நீலப்பொடியும், சுண்ணாம்பில் கலந்து சுவருக்கு அடித்த நீலமும் பெரும்பாலும் இதுதான். மணல் மணலாக உட்காரும். காய்ந்த பிறகும் ஈரத் தூரிகையால் ஒற்றி ஓரளவு எடுத்துவிடலாம். தவறு செய்கிறவனுக்கு இதைவிட நல்ல நீலம் கிடையாது.

இரண்டாவது தாலோ நீலம், பிபி 15:3. 1928-ல் ஸ்காட்லாந்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில் தற்செயலாகக் கண்ணில் பட்ட இரும்புச் சேர்மம் ஒன்றின் செம்புச் சொந்தம் இது. எங்கள் பட்டறையில் டர்காய்ஸ், அதாவது பச்சை கலந்த நீல ஷேடு ஆர்டர் வந்தாலே எல்லோர் முகமும் மாறும். ஒரே சீராக ஏறாது, ஏறியதன் மிச்சம் அலச அலசப் போய்க்கொண்டே இருக்கும். அந்த டர்காய்ஸ் சாயமும் இதே தாலோ குடும்பம்தான். காகிதத்தில் இதன் பிடிவாதம் வேறு மாதிரி. விழுந்த இடத்தில் கறையாக நின்றுவிடும், எடுக்க வராது. தூரிகை நுனியில் தொட்டது தட்டையே நீலமாக்கும். அப்படியிருந்தும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், அல்ட்ராமரைனில் துளி சிவப்புச் சாயல் இருப்பதால் கூர்மையான பச்சை அதில் பிறக்காது. அதற்குத் தாலோ வேண்டும்.

மூன்றாவது எலுமிச்சை மஞ்சள். பிஒய் 154 வைத்திருக்கிறேன், பிஒய் 3 கிடைத்தாலும் சரி. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் அழுக்காகும், அதனால் தட்டில் நீலத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நான்காவது குவினாக்ரிடோன் ரோஸ், பிவி 19. சிவப்புக்கு ஏன் ரோஸ் என்று கேட்பீர்கள். ரோஸோடு மஞ்சள் சேர்த்தால் சிவப்பு வரும், ஆரஞ்சு வரும். அல்ட்ராமரைன் சேர்த்தால் தெளிவான ஊதா வரும். குங்குமச் சிவப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஊதா செய்யப் போனால் கத்திரிக்காய்த் தோல் கறுத்த மாதிரிதான் வரும். கடையில் இதே இடத்தில் அலிசரின் கிரிம்சன் என்று ஒன்றை எடுத்துத் தருவார்கள். எண் பிஆர் 83 (PR 83) என்றிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு அந்த நிறத்தின் மேல் தனிப் பாசம் உண்டு. சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேர் இருக்கிறதே, அதில் உள்ள பொருளும் அலிசரின்தான். படிகாரம் சேர்த்துத் துணியில் ஏற்றிய அந்தச் சிவப்பு தலைமுறை தலைமுறையாக நின்றது. அதையே காகிதத்தில் மெல்லிசாகப் பூசினால் வெளிச்சம் தின்றுவிடுகிறது. அக்காவுக்குக் காகிதப்பூவை மறுபடி வரைந்து கொடுத்தது பிவி 19-ல்தான். பழையதையும் கழற்ற மாட்டேன் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

ஐந்தாவது மஞ்சள் காவி, யெல்லோ ஓக்கர். பிஒய் 42 அல்லது 43. ஆறாவது பர்ன்ட் சியன்னா. பிபிஆர் 7 (PBr 7) என்றோ பிஆர் 101 (PR 101) என்றோ இருக்கும், ட்யூபுக்கு ட்யூப் சற்று மாறும். இரண்டுமே இரும்புத் துரு. இத்தாலியில் சியனா ஊர்ப் பக்கத்து மஞ்சள் மண்ணைச் சுட்டால் அதிலுள்ள நீர் போய்ச் சிவக்கிறது, அதுதான் சுட்ட சியன்னா. பச்சைச் செங்கல் சூளைக்குள் போய்ச் சிவந்து வருவதும் இதே கதைதான். தாராபுரம் ரோட்டில் இறங்கி ஓரமாக நின்று பாருங்கள், ட்யூபைக் கொட்டி வைத்த மாதிரி மண் கிடக்கும்.

கறுப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் வரும். அதில் நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் கதகதப்பான சாம்பல். வெள்ளையும் வேண்டாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட காகிதம்.

வாங்கியாயிற்று என்றால் நேராகப் படத்தில் இறங்காதீர்கள். ஒரு ஷேடு கார்டு போடுங்கள். துணிக்கு நாங்கள் லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் மாதிரிச் சாயம் போடாமல் ஒரு கிலோ நூல்கூட இயந்திரத்தில் ஏற்றமாட்டோம். மருந்துக் கடைச் சொட்டுக்குழாய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு வண்ணத்துக்கு 5 சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு கட்டம் பூசுங்கள். அடுத்த கட்டத்துக்கு மொத்தம் 20 சொட்டு, அதற்கடுத்து 80. ஆறு வண்ணத்துக்கும் இப்படி மூன்று மூன்று கட்டம். கீழே எண்ணை எழுதுங்கள். பட்டாணி எப்போதும் ஒரே பட்டாணியாக இருக்காது, பரவாயில்லை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு வெளுக்கும் என்று கைக்குத் தெரிந்தால் போதும். கார்டைப் படத்துக்கு எடுத்து வைத்த அதே காகிதத்திலேயே போடுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, முழுப் பருத்திக் காகிதம் என்றால் நல்லது. வண்ணத்தில் மிச்சம் பிடித்தாலும் காகிதத்தில் பிடிக்காதீர்கள். மட்டமான காகிதம் வண்ணத்தை உடனே குடித்துவிடும், ஒற்றி எடுக்கவும் விடாது. அப்புறம் தப்பு உங்களுடையதா காகிதத்துடையதா என்றே தெரியாது.

கார்டைக் காயவிட்டுப் பாருங்கள். லேபில் எனக்குக் கிடைத்த முதல் திட்டு இதற்குத்தான். ஈரத் துணியை வைத்து ஷேடு ஓகே என்றேன், சூப்பர்வைசர் அந்தத் துண்டை என் தலையிலேயே போட்டார். நனைந்த துணி அடர்த்தியாகத் தெரியும், உலர்ந்தால் வெளுக்கும். வாட்டர்கலரும் காய்ந்ததும் ஒரு படி இறங்கும். அதனால் ஈரத்தில் ‘கொஞ்சம் தூக்கலோ’ என்று தோன்றும் அளவுக்குப் பூசினால்தான் காய்ந்த பிறகு சரியாக இருக்கும். இதைத் தலையால் கற்க முடியாது, கார்டு போட்டுத்தான் கற்க வேண்டும்.

எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். இரண்டு ஷேடு பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, கடை விளக்கில் வேறாகத் தெரியும். அதைப் பிடிக்கவே பட்டறையில் விளக்குப் பெட்டி வைத்திருக்கிறோம். ஒருமுறை ராத்திரி மஞ்சள் பல்பின் கீழ் ஊத்துக்குளி மலையை வரைந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் மலைக்கு மஞ்சள் காமாலை. மஞ்சள் விளக்கில் மஞ்சள் வண்ணம் கண்ணுக்கு உறைக்காது, அதனால் அள்ளி அள்ளிப் பூசியிருக்கிறேன். ஜன்னலோரம் வரையுங்கள். ராத்திரிதான் நேரம் கிடைக்கும் என்றால் பல்பு அட்டையில் 6500 கே என்று போட்ட வெள்ளை எல்ஈடி வாங்கி மாட்டுங்கள்.

இன்னொரு கார்டும் போடுங்கள். ட்யூபில் எண்ணே இல்லாத மாணவர் வண்ணம்தான் கையில் இருக்கிறது என்றால் இது கட்டாயம். எல்லா வண்ணத்தையும் மெல்லிசாக ஒரு பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நான் மார்ச்சில் ஒட்டி ஜூனில் எடுத்தேன். தாளைப் பிரித்ததும் எது ஓடிப்போனது, எது நின்றது என்று குழந்தைக்கும் தெரிந்தது. ஓடிப்போனதைத் தூக்கி எறிய வேண்டாம், பிள்ளைகள் விளையாடட்டும். பரிசாகக் கொடுக்கும் படத்தில் மட்டும் சேர்க்காதீர்கள்.

கலப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. லேசான வண்ணத்தை முதலில் தட்டில் வையுங்கள், பலமானதை அதில் துளித் துளியாகச் சேருங்கள். மஞ்சளில் தாலோவைச் சேர்த்தால் ஒரு சொட்டில் பச்சை கிடைக்கும். தாலோவில் மஞ்சளைச் சேர்க்க ஆரம்பித்தால் ட்யூப் தீர்ந்தாலும் அது நீலமாகவே இருக்கும். தேவைக்குமேல் இரண்டு மடங்கு கலந்து வையுங்கள். பாதி வானம் பூசும்போது கலவை தீர்ந்தால், மறுபடி அதே ஷேடு கொண்டுவர என்னாலேயே முடியாது, அதுவும் ஈரம் காய்வதற்குள்.

பச்சைதான் எல்லோரும் வழுக்குகிற இடம். ட்யூப் பச்சையை அப்படியே பூசினால் மரம் பிளாஸ்டிக் ஆகிவிடும். எங்கள் பக்கத்து மரங்களை வைத்தே சொல்கிறேன். தென்னைக்கு எலுமிச்சை மஞ்சளும் அல்ட்ராமரைனும், மட்டை பழுக்கும் இடத்தில் சியன்னா. பனை ஓலை பச்சையே இல்லை, சாம்பல் பூத்தது. தாலோவை நன்றாக நீர்க்க விட்டு, காவியும் ஒரு தொடு ரோஸும். முற்றிய வேப்பிலைக்குத் தாலோ, மஞ்சள், அதை அடக்க சியன்னா. பங்குனியில் வேம்பு கொழுந்து விடும்போது செம்பு நிறத்தில் மின்னுமே, அதில் நீலத்துக்கு வேலையே கிடையாது, ரோஸும் காவியும் போதும். வெயில்கால வெள்வேல மரத்துக்கும் கிளுவை வேலிக்கும் அல்ட்ராமரைனும் காவியும். புழுதி படிந்த மங்கல் பச்சை தானாகவே வந்துவிடும். மஞ்சளும் தாலோவும் மட்டுமாகக் கூச்சல் போடும் பச்சை எனக்கு ஒரே இடத்தில்தான் தேவைப்படுகிறது. அமராவதி வாய்க்கால் பாயும் வயலில் நாற்று இருக்கும்போது. இதில் எதிலும் மூன்று ட்யூபைத் தாண்டவில்லை, கவனித்தீர்களா?

ஒரு பச்சை ரொம்பக் கத்துகிறது என்றால் அதன் எதிரி ரோஸ். துளி விட்டால் அடங்கும். ஆரஞ்சு கத்தினால் நீலம். ஊதாவுக்குக் காவி.

தண்ணீர் விஷயத்தில் திருப்பூர்க்காரன் சொன்னால் கேளுங்கள். எங்கள் ஊர் போர் தண்ணீரில் கலந்த அடர் நீலம் காய்ந்ததும் மேலே வெளுத்த படலம் மாதிரி தெரிந்தது. சுண்ணாம்பு உப்பு மிகுந்த கடினத் தண்ணீரில் சாயமே ஒழுங்காக ஏறாது, நிறமிக்கு மட்டும் பிடிக்குமா? கேன் தண்ணீர் வையுங்கள். இரண்டு டம்ளர், ஒன்று தூரிகை கழுவ, ஒன்று கலக்க. மூன்றாவதாகப் பக்கத்தில் வைக்கும் டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இனி காளைக்கு வருகிறேன். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வருடாவருடம் பலகையைத் தூக்கிக்கொண்டு போவேன். வெள்ளை மாட்டை வெள்ளை வண்ணமில்லாமல் வரைவதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதம் போல ஆனதும் சாம்பலாக மாறும். மயிலை என்கிற சாம்பல் வெள்ளைக் காளைக்குத் திமிலிலும் கழுத்திலும் கறுமை ஏறியிருக்கும், முதுகு வெயிலில் வெள்ளையாகவே தெரியும்.

சித்திரை வெயிலில் வண்ணம் பூசி முடிப்பதற்குள் விளிம்பு காய்ந்து கோடு விழும். அதனால் காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான். காகிதத்தின் முதுகை முதலில் நனைத்துக் கண்ணாடிப் பலகையில் படுக்கவைத்துவிட்டால் ஈரம் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நிற்கும். பலகையைச் சற்றுச் சாய்வாக வைத்தால் வண்ணம் மேலிருந்து கீழே ஒரே சீராக இறங்கும், அதைத் தூரிகையால் வழிநடத்தினால் போதும்.

பென்சிலில் உருவம் போட்டதும், வெயில் படும் முதுகு, திமிலின் மேல்விளிம்பு, நெற்றி இவற்றை விட்டுவிடுங்கள். அங்கே தூரிகை போகக் கூடாது. மிச்சமிருக்கும் நிழல் பக்கத்துக்கு அல்ட்ராமரைன் கூடுதலாக, சியன்னா குறைவாகக் கலந்த சாம்பல். 20 சொட்டு அடர்த்தியில் கழுத்திலிருந்து ஆரம்பித்து விலாவுக்கு இழுத்து வாருங்கள். ஈரமாக இருக்கும்போதே வயிற்றின் அடியில் வெறும் சியன்னாவை நீர்க்கத் தொட்டு விடுங்கள். செம்மண் தரையில் பட்ட வெயில் வயிற்றில் திரும்ப அடிக்கும். அதை வரையாத காளை தரையில் நிற்காது, அந்தரத்தில் தொங்கும். அல்ட்ராமரைன் காகிதக் குழிகளில் மணலாக இறங்குவதைத் தொடாமல் விடுங்கள். தோலின் சொரசொரப்பு இலவசமாகக் கிடைக்கிறது, நாம் ஏன் அதைக் கெடுக்க வேண்டும்.

நான் இந்த இடத்தில் இருந்தபோதுதான் பின்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் சாட்டை. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

“ஏந்தம்பி, பூச்சிக்காளைக்கு நீலம் அடிக்கிறீங்க? மாடு வெள்ளையா நிக்குது பாருங்க.”

பொலிகாளையைத்தான் எங்கள் பக்கம் பூச்சிக்காளை என்பார்கள். “காயட்டுங்கய்யா” என்றேன். சந்தேகமாகவே டீக்கடைப் பக்கம் போனார்.

கழுத்துக்கும் திமிலுக்கும் முதல் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டாவது. அதே இரண்டு வண்ணம், 5 சொட்டு அடர்த்தி. காய்வதற்குள் இரண்டாவது பூச்சுப் போட்டால் முதல் பூச்சு கலங்கித் திட்டுத் திட்டாக ஆகும். கையின் புறப்பக்கத்தைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்புறம் பின்னணி. காளையின் முதுகை வெள்ளையாக்குவது பின்னால் இருக்கும் கிளுவை வேலிதான். அதன் மங்கல் பச்சையை முதுகு விளிம்பு வரை கொண்டுவந்து நிறுத்தியதும், அதுவரை வெறும் காகிதமாக இருந்த இடம் சட்டென்று வெயில் பட்ட முதுகாகிவிடும். எத்தனை முறை செய்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு நிற்கும். தரைக்குச் சியன்னாவும் துளி ரோஸும். தரையில் விழும் நிழல் அதே சியன்னாவில் அல்ட்ராமரைன் சேர்த்தது, ஒரே இழுப்பில். நிழலைத் தடவிக் கொடுக்கக் கூடாது, தடவினால் கீழே உள்ள மண் கலங்கி மேலே வரும். கொம்பு நுனி, குளம்பு, கண் கடைசி. தண்ணீர் அநேகமாக இல்லாத கெட்டி நீலமும் சியன்னாவும். கண்ணுக்குள் ஊசிமுனை அளவு காகிதத்தை விட்டுவைத்தால் மாடு நம்மைப் பார்க்கும். நான் பாதி நேரம் அதை மறந்து அடைத்துவிட்டு, அப்புறம் பிளேடு முனையால் சுரண்டி எடுப்பேன்.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெரியவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். படம் அதற்குள் நன்றாகக் காய்ந்திருந்தது. குனிந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“இப்ப மயிலை வந்திருச்சுங்க தம்பி” என்றார். அப்புறம் சந்தை ஆள் குரலில், துண்டை என் பக்கம் நீட்டி, “எத்தனைக்குத் தருவீங்க?” என்றார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசத் தெரியாததால், படத்தைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன்.